மேனேஜர் 'ரயட் ஆக்ட்' வாசித்தாராம், கேஸ் வருமா?

கேள்வி: ஐயா, ஓசூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று போன மாதம் மதிய இடைவேளையில் நாங்கள் பதினைந்து பேர் ஹெச்.ஆர். அறை வாசலில் போய் நின்றோம். கொஞ்சம் சத்தம் போட்டது உண்மை. கைகலப்பு, கண்ணாடி உடைப்பு எதுவும் இல்லை. பிளான்ட் மேனேஜர் வந்து எல்லோரையும் நிற்க வைத்து, ஆங்கிலமும் தமிழுமாகப் பேசி அனுப்பிவிட்டார். மறுநாள் அவர் தலைமை அலுவலகத்துக்குப் போட்ட மெயிலில் என் பெயரும் சி.சி.யில் இருந்தது. அதில் "ஐ ஹேட் டு ரீட் தெம் தி ரயட் ஆக்ட்" என்று எழுதியிருக்கிறார். ரயட் என்றால் கலவரம்தானே? எங்கள் மேல் கலவர வழக்கு ஏதாவது பதிவாகிவிட்டதா? அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இருக்கிறதா? முன்ஜாமீன் வாங்க வேண்டுமா? அந்த மெயிலுக்கு நான் பதில் போடலாமா?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

முதலில் முன்ஜாமீன் யோசனையை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மேல் எந்த வழக்கும் இல்லை. மேனேஜர் எழுதியது ஆங்கிலத்தில் தினமும் புழங்கும் ஒரு மரபுத்தொடர். "இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடப்பதே வேறு என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன்" என்பதுதான் அதன் பொருள். நம் ஊர்ப் பேச்சில் "கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன்" என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். பிள்ளைகள் இரவு இரண்டு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்பா வாசிப்பது ரயட் ஆக்ட். அணி தொடர்ந்து தோற்றால் பயிற்சியாளர் வாசிப்பதும் அதுதான். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு வாசிப்பார். நீங்கள் மேனேஜருக்கு வாசித்ததாக எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்தை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருந்தது. அதை நிஜமாகவே தெருவில் நின்று சத்தமாக வாசித்தார்கள். வாசித்து ஒரு மணி நேரம் கழித்தும் அங்கேயே நின்றவனைத் தூக்கில் போட அது இடம் கொடுத்தது. நம் நாட்டில் கூட்டத்தைக் கலைக்கும் சட்டத்துக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. அதனால் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1714 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்து அரசி ஆன் வாரிசில்லாமல் இறந்தார். ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து ஜார்ஜ் என்பவரை அழைத்து வந்து அரியணையில் உட்கார வைத்தார்கள். கத்தோலிக்கர் யாரும் அரசராகக் கூடாது என்று முன்பே சட்டம் போட்டிருந்ததால், ரத்த உறவில் நெருக்கமான பலரைத் தாண்டித்தான் இவரிடம் வர வேண்டியிருந்தது. பழைய ஸ்டூவர்ட் வம்சத்தின் மேல் பற்று வைத்திருந்த ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. முடிசூட்டு விழா நடந்த 1714 அக்டோபர் 20 அன்றே பல ஊர்களில் ரகளை. அடுத்த ஆண்டு கோடையில் அது முற்றியது. புதிய அரசருக்கு ஆதரவானவர்கள் என்று கருதப்பட்ட, இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவப் பிரிவினரின் ஜெபக்கூடங்களைக் கூட்டம் கூட்டமாகப் போய் இடித்தார்கள். பர்மிங்காம், வுல்வர்ஹாம்டன், மான்செஸ்டர் என்று அது பரவியது.

அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அது 1715 ஜூலையில் நிறைவேறி, அரசர் பட்டத்துக்கு வந்து ஓராண்டு நிறைந்த ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது. ஆனால் சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் 'ரயட் ஆக்ட் 1714'. இதைப் பார்த்துக் குழம்பாத சட்ட மாணவர் இல்லை. காரணம் இரண்டு. அக்காலத்தில் ஒரு சட்டம் என்றைக்கு நிறைவேறினாலும், அந்த நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்கிய நாளில் பிறந்ததாகத்தான் கணக்கு. அந்தக் கூட்டத்தொடர் தொடங்கியது மார்ச் 17. அப்போதைய இங்கிலாந்தில் புத்தாண்டோ மார்ச் 25-இல்தான் பிறந்தது. ஆகவே அவர்கள் காலண்டர்படி அந்த மார்ச் 17 இன்னும் 1714-தான்!

சட்டம் என்ன சொன்னது? பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமாக, அமளியாகக் கூடி அமைதியைக் குலைத்தால், அந்தப் பகுதியின் மாஜிஸ்திரேட்டோ ஷெரீப்போ மேயரோ அங்கே போக வேண்டும். முடிந்த அளவு கூட்டத்துக்கு அருகில் நின்று, முதலில் சத்தமாக "அமைதி" என்று கட்டளையிட வேண்டும். அப்புறம் சட்டத்திலேயே அச்சிட்டிருக்கும் ஓர் அறிவிப்பை உரத்த குரலில் வாசிக்க வேண்டும். தமிழில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நம் அரசர் பெருமான், இங்கே கூடியிருக்கும் அனைவரும் உடனே கலைந்து, அமைதியாகத் தத்தம் வீடுகளுக்கோ சட்டப்படியான தத்தம் வேலைகளுக்கோ செல்லுமாறு பணித்துக் கட்டளையிடுகிறார், தவறினால், கலகங்களையும் அமளிக் கூட்டங்களையும் தடுப்பதற்காக ஜார்ஜ் மன்னரின் முதலாம் ஆண்டில் இயற்றிய சட்டத்தில் கண்ட தண்டனைகள். கடவுள் மன்னரைக் காப்பாராக."

அவ்வளவுதான். வாசிக்க அரை நிமிடம்கூட ஆகாது. அப்படிப் பார்த்தால் ரயட் ஆக்ட்டைத் தெருவில் யாரும் வாசித்ததே இல்லை, அதற்குள் இருந்த இந்த ஒரு பத்தியைத்தான் வாசித்தார்கள். முழுச் சட்டத்தையும் காலாண்டு நீதிமன்ற அமர்வு ஒவ்வொன்றிலும் வாசிக்க வேண்டும் என்று தனியாக ஒரு பிரிவு இருந்தது. ஜனங்களுக்குத் தெருவில் நடந்ததுதான் நினைவில் நின்றது.

வாசித்து முடித்ததும் ஒரு மணி நேரம் கெடு. அதற்குள் போய்விட்டால் அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் தாண்டியும் பன்னிரண்டு பேர் அங்கேயே நின்றால் அது மரண தண்டனைக் குற்றம். முதல் தடவை மாட்டியவர்கள் 'மதகுருமார் சலுகை' என்ற பழைய வழக்கத்தைச் சொல்லித் தூக்கிலிருந்து தப்புவதுண்டு. அந்தச் சலுகையும் இதற்குக் கிடையாது என்று எழுதி வைத்தார்கள். கலைக்கப் போனவர்கள் கையால் யாராவது செத்தால் கலைத்தவர்கள் மேல் வழக்கு இல்லை. அறிவிப்பை வாசிக்க விடாமல் தடுத்தாலும் அதே மரண தண்டனை. 1837-இல்தான் இந்தத் தண்டனையை ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த பகுதி அந்த வாசகத்தின் கடைசி வரி. 1830-இல் ஒரு வழக்கு. வாசித்த அதிகாரி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டு, "கடவுள் மன்னரைக் காப்பாராக" என்பதை மட்டும் விட்டுவிட்டார். வாசகத்தைச் சட்டத்தில் உள்ளபடி வாசிக்கவில்லை, ஆகவே கலையவில்லை என்ற குற்றம் நிற்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்லெறி நடுவே நின்று வாசித்தவர் ஒரு வரியை விழுங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் ஆளைத் தூக்குமேடைக்கு அனுப்பும் வாசகம் என்றால் கடைசி எழுத்து வரை சரியாக இருக்கத்தான் வேண்டும். நான் அந்த நீதிபதி பக்கம்.

இந்தச் சட்டத்தால் கூட்டத்தைவிட அதிகமாக அவஸ்தைப்பட்டவர்கள் மாஜிஸ்திரேட்டுகள் என்று தோன்றுகிறது. இருதலைக்கொள்ளி எறும்பு நிலைமை அவர்களுடையது. 1768 மே மாதம் லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மைதானத்தில், சிறையில் இருந்த ஜான் வில்க்ஸ் என்ற அரசியல்வாதிக்கு ஆதரவாகப் பெரும் கூட்டம் கூடியது. சாமுவேல் கில்லம் என்ற மாஜிஸ்திரேட் அறிவிப்பை வாசித்தார், கல் பறந்தது, ராணுவம் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். கில்லம் மேலேயே கொலை வழக்கு வந்தது. விடுதலை ஆகிவிட்டார், ஆனாலும் கூண்டில் ஏறித்தான் இறங்கினார். அடுத்து வந்த மாஜிஸ்திரேட்டுகள் இதை மறப்பார்களா?

1780 ஜூனில் அதன் விளைவு தெரிந்தது. கத்தோலிக்கர்களுக்குக் கொடுத்த சில சலுகைகளை எதிர்த்து கார்டன் பிரபு திரட்டிய கூட்டம் லண்டனைச் சூறையாடியது. நியூகேட் சிறை எரிந்தது. தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டின் வீடு, அவருடைய நூலகத்தோடு சாம்பலானது. ராணுவம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மாஜிஸ்திரேட் வந்து வாசித்து ஒரு மணி நேரம் ஆகாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். வாசிக்க வேண்டிய மாஜிஸ்திரேட்டுகளோ வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கடைசியில் அரசர் தன் ஆலோசனைச் சபையைக் கூட்டி, அரசுத் தலைமை வழக்கறிஞரைக் கேட்டார். தீ வைப்பும் கொள்ளையும் கண்ணெதிரே நடக்கும்போது வாசிப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் ராணுவம் இறங்கியது. இறங்கிய பின் நூற்றுக்கணக்கான உயிர் போனது. அந்த விளக்கம் சரியானதுதான். கலையாமல் நிற்பதை மரணக் குற்றமாக்கத்தான் வாசிப்பும் ஒரு மணி நேரமும் தேவை. நடந்துகொண்டிருக்கும் தீ வைப்பைத் தடுக்கும் கடமை எப்போதும் இருந்தது. இதைப் பிறகு பிரபுக்கள் சபையில் எழுந்து விளக்கியவர் யார் தெரியுமா? வீடு எரிந்து போன அதே மான்ஸ்ஃபீல்ட். அறிவிப்பை வாசிக்காமல் கைகட்டி நின்ற லண்டன் மேயர் பிராக்லி கென்னட் மேல் கடமை தவறியதாக வழக்கு வந்தது. அவர் குற்றவாளி என்றே தீர்ப்பானது. வாசித்துச் சுட்டவருக்குக் கொலை வழக்கு, வாசிக்காதவருக்குக் கடமை தவறிய வழக்கு!

இன்னொரு இடம், மான்செஸ்டர். 1819 ஆகஸ்ட் 16. நாடாளுமன்றத்தில் தங்களுக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று கேட்டு செயின்ட் பீட்டர் மைதானத்தில் சுமார் 60,000 பேர் கூடினார்கள். நெசவாளர்கள், மில் தொழிலாளர்கள், பெண்கள், குழந்தைகள். பேச வந்தவர் ஹென்றி ஹன்ட். மைதானத்தைப் பார்த்த ஒரு வீட்டின் மாடியில் மாஜிஸ்திரேட்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான பாதிரியார் எத்தல்ஸ்டன் ஜன்னல் வழியாக உடம்பை வெளியே நீட்டி அறிவிப்பை வாசித்தாராம். விழுந்துவிடாமல் இருக்கப் பின்னால் ஒருவர் அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டாராம். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அறுபதாயிரம் பேரில் எத்தனை பேர் காதில் அது விழுந்திருக்கும்? ஒரு மணி நேரம் காத்திருக்கவும் இல்லை. ஹன்ட்டைக் கைது செய்யப் போன குதிரைப்படை கூட்டத்துக்குள் வாளோடு புகுந்தது. ஏறக்குறைய 18 பேர் இறந்தார்கள், காயம்பட்டவர்கள் பல நூறு. வாட்டர்லூ போரை நினைத்து இதற்கு 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அறிவிப்பு உண்மையிலேயே வாசிக்கப்பட்டதா என்ற சண்டை பல வருடம் ஓடியது.

விசித்திரம் என்னவென்றால், அதே 1819-இன் கடைசியில் எழுதப்பட்ட ஒரு தனிக் கடிதத்தில், வீட்டுப் பெண்மணி ஒருவர் குழந்தைகள் அறைக்கு ரயட் ஆக்ட் வாசிக்க ஓடினார் என்று வேடிக்கையாக ஒரு வரி வருகிறது. உங்கள் மேனேஜர் எழுதிய அர்த்தத்தில் இந்தத் தொடருக்கு அகராதிக்காரர்கள் காட்டும் பழைய சான்றுகளில் அது ஒன்று. தெருவில் ஆள் சாகும்போதே வீட்டுக்குள் அது கேலிப் பேச்சாகிவிட்டது. நூறு வருடமாகக் கேட்டுப் பழகிய வாசகம், அதனால் யாருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அதற்கப்புறமும் சட்டம் நெடுநாள் உயிரோடு இருந்தது. 1919 ஜனவரி 31 அன்று கிளாஸ்கோவில் வேலை நேரத்தைக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர்கள் ஜார்ஜ் சதுக்கத்தில் கூடியபோது, ஷெரீப் வாசிக்க ஆரம்பித்ததும் அவர் கையிலிருந்த தாளையே யாரோ பிடுங்கிவிட்டார்கள். அதே வருடம் ஜூனில் கனடாவின் வின்னிபெக் வேலைநிறுத்தத்தில் மேயர் வாசித்தார். ஆகஸ்டில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் உள்ள பிர்க்கன்ஹெட்டில், போலீஸ்காரர்களே வேலைநிறுத்தம் செய்து ஊர் கொள்ளை போனபோதும் வாசித்தார்கள். இங்கிலாந்தில் இந்தச் சட்டத்தை நீக்கியது 1967-இல். எஞ்சியிருந்ததையும் 1973-இல் துடைத்தார்கள். 1986-இன் பொது ஒழுங்குச் சட்டத்தில் 'கலவரம்' என்ற குற்றத்துக்கு இன்றும் குறைந்தது பன்னிரண்டு பேர் வேண்டும். அந்த எண் மட்டும் பழையதை ஞாபகப்படுத்துகிறது. கனடாவின் குற்றவியல் சட்டத்தில் வாசகமே இன்னும் இருக்கிறது, "கடவுள் மன்னரைக் காப்பாராக" உட்பட. கெடு அங்கே அரை மணி நேரம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ரயட் ஆக்ட் என்ற பெயரில் இங்கே சட்டம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய இந்திய தண்டனைச் சட்டம் 1860, பன்னிரண்டை ஐந்தாகக் குறைத்தது. ஐந்து பேர் சேர்ந்தாலே 'சட்டவிரோதக் கூட்டம்' ஆகலாம். கலையச் சொல்லும் அதிகாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. ஆனால் இங்கே குறிப்பிட்ட வாசகமும் கிடையாது, ஒரு மணி நேரக் கெடுவும் கிடையாது. எச்சரிக்கை தர வேண்டும் என்ற அடிப்படை மட்டும் இருந்தது. அதை எப்படி மதித்தார்கள் என்பதற்கு அதே 1919-இன் ஏப்ரல் 13 சாட்சி. அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் கலைந்து போகச் சொல்லி ஒரு வார்த்தையும் சொல்லாமல் சுடச் சொன்னார். 1,650 ரவுண்டு. அரசுக் கணக்குப்படியே 379 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்த ஹன்டர் கமிட்டி அவர் மேல் வைத்த முக்கியமான குறைகளில் ஒன்று, எச்சரிக்காமல் சுட்டது.

இன்று அந்தச் சட்டங்களின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளவை. நியாய சன்ஹிதாவின் 189-ஆம் பிரிவு சட்டவிரோதக் கூட்டம் எது என்று சொல்கிறது. ஐந்து பேர் கூடினால் மட்டும் போதாது. வன்முறையைக் காட்டி அரசை மிரட்டுவது, சட்ட நடவடிக்கையைத் தடுப்பது, சொத்தைச் சேதப்படுத்துவது, பலவந்தமாக ஒருவரை ஒன்றைச் செய்ய வைப்பது என்று அங்கே பட்டியலிட்ட நோக்கங்களில் ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டம் வன்முறையில் இறங்கினால்தான் 191-ஆம் பிரிவின் 'கலவரம்'. சாப்பாடு நன்றாக இல்லை என்று புகார் சொல்லப் பதினைந்து பேர் போனது இதில் எதிலும் சேராது. நீங்களே சொல்வதுபோல் கண்ணாடிகூட உடையவில்லை.

கலைந்து போகச் சொல்லும் அதிகாரம் சுரக்ஷா சன்ஹிதாவின் 148-ஆம் பிரிவில் இருக்கிறது. அது நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கும், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும், அவர் இல்லாதபோது சப்-இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல் உள்ள போலீஸ் அதிகாரிக்கும் மட்டும். நம் பக்கத்தில் தாசில்தார் ஜீப்பில் வந்து மைக்கில் "கலைந்து செல்லுங்கள்" என்பாரே, அதுதான் நம்முடைய ரயட் ஆக்ட் வாசிப்பு. சொன்ன பிறகும் பொது அமைதிக்கு ஆபத்தான கூட்டத்தில் தெரிந்தே நின்றால் ஆறு மாதம் வரை சிறை. பிளான்ட் மேனேஜருக்கு இந்த அதிகாரம் கிடையாது. அவர் சொல்லியும் நீங்கள் கலையாமல் இருந்திருந்தால் அது கம்பெனி ஒழுங்கு நடவடிக்கைக்குரிய விஷயம், போலீஸ் விஷயமல்ல. பலர் இதை '144' என்று குழப்பிக்கொள்வார்கள். 144 கூடுவதற்கு முன்பே போடும் தடை உத்தரவு, இப்போது அது 163-ஆம் பிரிவு. இது கூடிய பின் தரும் கட்டளை.

சரி, உங்கள் மெயிலுக்கு வருவோம். அந்த வாக்கியத்தால் உங்களுக்குச் சட்டச் சிக்கல் இல்லை, ஆனால் அலட்சியமாகவும் இருக்காதீர்கள். இந்தத் தொடரை வெறும் திட்டுக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. "அவர்களைத் தாளித்து எடுத்தேன்" என்று சொல்ல அவருக்கு வேறு ஆங்கிலம் இருக்கிறது. இதில் "இனி தொடர்ந்தால்" என்ற நிபந்தனை ஒன்று ஒளிந்திருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு அவர் சொல்ல வருவது, "நான் எச்சரித்தாகிவிட்டது, அடுத்த முறை நடவடிக்கை எடுத்தால் முன்னறிவிப்பில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது" என்பதைத்தான். நாளைக்கு மெமோ வந்தால் இந்த மெயிலை அவர் எடுத்து வைப்பார். அதனால் நீங்களும் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், அன்று யார் யார் இருந்தார்கள், அவர் என்னென்ன வார்த்தை சொன்னார் என்பதையெல்லாம் ஞாபகம் இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இடைவேளை நேரத்தில்தான் போனீர்கள், உற்பத்தி நிற்கவில்லை என்பதை முக்கியமாகக் குறியுங்கள்.

அந்த மெயிலுக்குப் பதில் போட வேண்டாம். அது உங்களுக்கு எழுதியதல்ல. கை தவறி சி.சி.யில் உங்கள் பெயர் விழுந்திருக்கலாம், தெரிந்தே போட்டிருக்கலாம். எதுவாக இருந்தாலும் "எங்களைக் கலவரக்காரர்கள் என்கிறீர்களா?" என்று கேட்டால் உங்களுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்பதுதான் பதிவாகும். நீங்கள் சூப்பர்வைசர் வேறு, லைனில் இருப்பவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே நிற்பவர். உங்கள் பெயரில் அப்படி ஒரு மெயில் போவது நல்லதில்லை. விளக்கம் கேட்டு உங்களுக்கென்று தனியாக மெமோ வந்தால் அப்போது பதில் எழுதுங்கள். அதைத் தனியாக எழுதாமல் ஒரு வழக்கறிஞரிடமோ சங்க நிர்வாகியிடமோ காட்டிவிட்டு எழுதுங்கள். மெமோ கொடுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் பதில் கேட்கிறார்கள் என்பதைப் பாருங்கள், அந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், இவ்வளவுக்கும் காரணமான கேன்டீன். 250 தொழிலாளர்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வைக்க வேண்டும் என்று அரசு விதி செய்யலாம் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை, ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, 100 ஆகக் குறைத்தது. பழைய 46-ஆம் பிரிவிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது: கேன்டீனை நடத்தத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு ஒரு நிர்வாகக் குழு. உங்கள் கம்பெனியில் அப்படி ஒரு குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். பதினைந்து பேரும் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் கொடுக்கப் போகும்போது இரண்டு பேர் மட்டும் போங்கள். எந்தெந்த நாள் என்ன சாப்பாடு, அதில் என்ன குறை என்று தேதி போட்டு எழுதுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி அனுப்பிவிடுங்கள்.